முன்னால் தெரியும் கோளாறு, முதுகில் இருக்கும் காரணம்: ரீஜென்சி கவுன் பிழை நீக்கும் வழிமுறை

மார்புக்குக் கீழேயே இடுப்புக்கோடு முடிந்து, அங்கிருந்து கணுக்கால் வரை நேராக விழும் இங்கிலாந்து கவுனைத்தான் ரீஜென்சி கவுன் என்கிறோம். ரீஜென்சி என்ற ஆட்சிக்காலம் 1811 முதல் 1820 வரைதான். உடையின் பாணியோ 1795 வாக்கிலேயே வந்துவிட்டது. படத்தில் பார்த்தால் நைட்டியை விட எளிதாகத் தெரியும். தைத்துப் போட்டுப் பார்த்தால் பல சமயம் நைட்டி மாதிரியேதான் இருக்கும். கீழே உள்ள பாதிப் பிழைகளுக்குக் காரணம் அந்த எளிய தோற்றத்தை நம்பியதுதான்.

துணி விஷயத்தில் நமக்குக் கவலை இல்லை. அன்றைய ஆங்கிலேயர் 'மல்' என்று அழைத்த மெல்லிய பருத்தித் துணியின் பெயரே நம் நாட்டு மல்மலிலிருந்து போனதுதான். இன்று கடையில் கிடைக்கும் வெள்ளை மல் காட்டன் இந்த உடைக்கு நன்றாகவே பொருந்தும். மார்பு 36, உயரம் 5 அடி 3 அங்குலம் உள்ளவருக்கு 44 இன்ச் அகலத் துணியில் நாலரை மீட்டர் வேண்டும். பாடியின், அதாவது இடுப்புக்கோட்டுக்கு மேலே உள்ள பகுதியின், லைனிங்குக்குச் சற்றுக் கெட்டியான காட்டன் முக்கால் மீட்டர். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த உடல்வாகுக்குச் சொன்னவை.

எந்தத் தையலையும் பிரிப்பதற்கு முன்

முதல் விஷயம், உள்ளாடை. இந்த கவுன் மார்பைத் தூக்கி நிறுத்தும் 'ஸ்டேஸ்' என்ற உள்கட்டின் மேல் அணிவதற்காக வெட்டப்படுவது. ஸ்டேஸ் தைக்கவில்லை என்றால், பட்டியைக் குட்டையாக்கி மார்பை நன்றாக மேலே தூக்கிய பிராவைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். அதே உள்ளாடையோடுதான் பொருத்தமும் பார்க்க வேண்டும். ஒன்றைப் போட்டு அளவெடுத்து இன்னொன்றைப் போட்டுப் பார்த்தால் இல்லாத பிழையெல்லாம் தெரியும்.

இரண்டாவது, துணியில் விழும் கோடுகளைப் படிப்பது. இழுபட்டு விறைப்பாக நிற்கும் கோடு, இறுக்கமான இடத்தை நோக்கிப் போகும். குறுக்கே மடிந்து கிடக்கும் மடிப்பு, அந்த இடத்தில் நீளம் அதிகம் என்று சொல்கிறது. மேலிருந்து கீழாக விழும் மடிப்பு என்றால் அகலம் அதிகம். கோடு எங்கே தொடங்குகிறது என்பதை விட எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நம்மில் பலர் ரவிக்கை அளவை வைத்தே இந்த பாடியையும் வெட்டிவிடுகிறோம். ரவிக்கையின் வடிவத்தை முன்பக்கத்து டார்ட் என்ற கூம்பு மடிப்பு தீர்மானிக்கிறது. தோள் தையலும் தோளின் உச்சியில் இருக்கிறது. ரீஜென்சி பாடியில் வடிவம் முழுவதும் முதுகில். தோள் தையல் உச்சியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டரை இன்ச் பின்னால் தள்ளி விழும். பக்கத் தையலும் முதுகுப் பக்கம் நகர்ந்திருக்கும். நடு முதுகுத் துண்டு கிட்டத்தட்ட வைர வடிவில் குறுகி நிற்கும். முன்பக்கம் வெறும் சுருக்கமும் நாடாவும்தான். ஆகவே முன்னால் ஒரு கோளாறு தெரிந்தால் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

கையைத் தூக்கினால் கவுன் முழுவதும் எழும்புகிறது

அதிகம் வரும் புகார் இது. இதற்குத்தான் அதிகமாகத் தவறான வைத்தியமும் நடக்கிறது. கை இறுக்குகிறதே என்று ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்தும் துளையை, இன்னும் கீழே வெட்டுவார்கள். வெட்ட வெட்ட நிலைமை மோசமாகும்.

காரணம் இதுதான். ஆர்ம்ஹோலின் அடி அக்குளை விட்டு எவ்வளவு கீழே இருக்கிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு துணி கையோடு மேலே போக வேண்டும். அந்த நீளத்துக்குத் துணி இல்லாததால் பக்கத் தையலையும் இடுப்புக்கோட்டையும் சேர்த்து இழுக்கிறது. ஆர்ம்ஹோல் சின்னதாகவும் உயரமாகவும் இருந்தால், கை அசையும்போது பாடி அசையாது. பாடியைப் போட்டுக்கொண்டு அக்குளுக்கும் துணிக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் போனால் சரி. மூன்று விரல் போனால் அங்கேதான் பிழை.

வெட்டிய துணியை ஒட்டுப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்து உடைகளிலேயே துணியை மிச்சப்படுத்த அக்குளிலும் பக்கவாட்டிலும் ஒட்டுத் துண்டுகள் சர்வசாதாரணம்.

1. கையை முழுவதும் பிரித்து எடுங்கள்.
2. பாடியைப் போட்டு, அக்குளுக்கு அரை இன்ச் கீழே சாக்பீஸால் புதுக் கோடு குறியுங்கள். பழைய ஓரத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஒட்டுத் துண்டின் உயரம். பொதுவாக ஒரு இன்ச் முதல் ஒன்றரை இன்ச் வரும்.
3. பிறை வடிவத்தில் 5 முதல் 6 இன்ச் நீளத் துண்டை நேர் இழையில் வெட்டுங்கள். சுற்றிலும் தையலுக்கு அரை இன்ச் விடுங்கள். லைனிங்குக்கும் அதே துண்டு தேவை.
4. ஒட்டைத் தைத்து, தையலைக் கீழ்நோக்கி அயர்ன் செய்யுங்கள்.
5. இப்போது முதுகுப் பக்கம். கையைச் சற்று முன்னால் நீட்டினால் முதுகும் கையும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். ஆர்ம்ஹோலின் பின் வளைவு அந்த மடிப்புக்கு அரை இன்ச் உள்ளே வரும்படி வெட்டுங்கள். ரவிக்கையின் முதுகு அகலத்தை விட இங்கே இரண்டு முதல் மூன்று இன்ச் குறைவது இயல்பு.
6. கையைத் திரும்ப வையுங்கள். கையின் அடித்தையல் பாடியின் பக்கத் தையலோடு சேர வேண்டிய கட்டாயம் இல்லை. அதை அரை முதல் ஒரு இன்ச் முன்னால் நகர்த்தினால் கையின் தளர்வு பின்னால் போய்ச் சேரும். உச்சியில் மிஞ்சும் உயரம் பஃப்பிலேயே அடங்கிவிடும்.

முதுகைக் குறைத்தால் இன்னும் இறுக்காதா என்று கேட்கத் தோன்றும். இறுக்காது. முதுகில் குறைத்த இடத்தை கையின் துணி பிடித்துக்கொள்கிறது. கையின் பின்பாதியில் சுருக்கம் நிறைய இருப்பதால், கையை முன்னால் நீட்டும்போது அந்தச் சுருக்கம் விரிந்து கொடுக்கும். விறைப்பான பாடி விரியாது. சுருக்கம் வைத்த கை விரியும். முதுகு குறுகியும் கை பின்னால் தள்ளியும் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல என்பது இங்கே புரியும்.

இடுப்புக்கோடு மார்பின் மேல் ஏறிக்கொள்கிறது

உள்ளாடை சரியாக இருந்தும் ஏறினால் இரண்டு காரணம் உண்டு. தோள் தையலின் முன் முனையிலிருந்து மார்பின் உச்சியைத் தாண்டி மார்புக்கடி வரை டேப்பை உடம்போடு ஒட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். பாடியின் முன் நீளம் இந்த அளவை விடக் குறைவாக இருந்தால் முதல் காரணம் அதுதான். தூக்கி நிறுத்திய மார்பின் மேல் துணி போக வேண்டிய தூரம் அதிகம். ரவிக்கை நீளத்தை அப்படியே எடுத்தால் ஒரு இன்ச்சாவது பற்றாது. பாடிக்கும் ஸ்கர்ட்டுக்கும் நடுவே ஒரு இன்ச் அகலப் பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். அந்தக் காலத்து கவுன்களிலும் இப்படிப் பட்டி உண்டு. பார்ப்பவருக்கு அது திருத்தம் என்று தெரியாது.

நீளம் சரியாக இருந்தும் ஏறினால், மார்புக்கடிச் சுற்று தளர்ந்திருக்கிறது. இங்கே ஒரு இன்ச்சுக்கு மேல் தளர்வு கூடாது. தளர்ந்த பாடி, மூச்சு விடும்போதும் உட்கார்ந்து எழும்போதும் மேலே நகர்ந்து மார்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்ப இறங்காது. பிரிக்காமல் சரிசெய்ய ஒரு வழி உண்டு. அரை இன்ச் அகலப் பருத்தி நாடாவை, மார்புக்கடிச் சுற்றை விட அரை இன்ச் குறைவாக வெட்டி, உள்பக்கம் பக்கத் தையல்களிலும் முன் நடுவிலும் மட்டும் பிடித்துத் தையுங்கள். இரண்டு முனையிலும் கொக்கி, வளையம் வைத்து, கவுனை மாட்டியதும் முதலில் இந்த நாடாவை மாட்டுங்கள். கவுனின் எடை அதன்பின் நாடாவில் நிற்கும், தோளில் தொங்காது.

முன்பக்கம் சரியாக நின்று முதுகுப் பக்கம் மட்டும் கோடு கீழே இறங்கினால், பின்னால் குவித்த ஸ்கர்ட்டின் எடை இழுக்கிறது. அதற்கும் இதே நாடாதான் மருந்து.

கழுத்து முன்னால் வாய் பிளக்கிறது, தோள் நழுவுகிறது

இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகம். நாடாவை இழுத்துக் கட்டி மறைப்பது வேண்டாம். நாடா சுருக்கத்தை ஒழுங்காக்கத்தான். அளவுப் பிழையைத் தீர்க்க அல்ல. இரண்டு இன்ச்சுக்கு மேல் இழுத்தால்தான் உட்காருகிறது என்றால் வேறெங்கோ துணி மிஞ்சியிருக்கிறது.

முதலில் தோள்பட்டியின் பின் முனையைப் பிடித்துக் கால் இன்ச், அரை இன்ச் என்று கிள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முன் கழுத்து படிந்துவிடும். தோள் தையல் முதுகில் இருப்பதால் இந்தத் திருத்தம் கண்ணில் படாது. தோள் நழுவுவதுதான் தொல்லை என்றால் பட்டியைக் குட்டையாக்காதீர்கள். பின் முனையைப் பிரித்து, நடு முதுகை நோக்கி அரை இன்ச் நகர்த்தித் தையுங்கள். பட்டி V போலச் சாய்ந்து தோளில் பிடித்துக்கொள்ளும்.

இரண்டும் பலன் தரவில்லை என்றால் கழுத்து ஓரம் தைக்கும்போதே இழுபட்டு நீண்டுவிட்டது. வளைந்த கழுத்தின் சில பகுதிகள் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழுவதால், வெட்டிக் கையில் எடுத்தாலே நீளும். ஈரத்துணி வைத்து அயர்ன் செய்தால் ஓரளவு திரும்ப வரும். அடுத்த முறை, கழுத்தை வெட்டியவுடன் துணியை மேசையிலிருந்து எடுக்கும் முன்பே ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். நாடா அரைக்கால் இன்ச் அகலம், அது ஓடும் குழல் கால் இன்ச். அதற்கு மேல் அகலம் வைத்தால் பாவாடை நாடா மாதிரி தடித்து நிற்கும்.

கழுத்து ஒரேயடியாக இறங்கிவிட்டதா? பிரிக்க வேண்டாம். பகல் வேளையில் கழுத்தை மறைக்க உள்ளே 'செமிசெட்' என்ற கையில்லாத அரைச் சட்டையை அணிவது அக்கால வழக்கம். மிச்சத் துணி அரை மீட்டர் போதும்.

முதுகின் வளைவுத் தையல் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது

பார்ப்பவர் கண் முதலில் போகும் இடம் இது. உள்வளைந்த ஓரத்தையும் வெளிவளைந்த ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து மெஷினில் ஓட்டியதால் வருகிறது. மார்ஜினில் நறுக்கு கொடுக்கலாம். ஆனால் உள்வளைந்த துண்டில் மட்டும். இரண்டிலும் கொடுத்தால் தையல் பலம் இழந்து, மல் துணி நூல்நூலாகப் பிரிந்து வரும்.

இதைவிட நல்ல வழி பழைய வழி. நடு முதுகுத் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து அயர்ன் செய்து, பக்கத் துண்டின் மேல் அதன் கோட்டில் வைத்து, மேலிருந்தே மடிப்பு ஓரத்தை ஒட்டிச் சிறிய ஓட்டுத்தையலாகக் கையால் தையுங்கள். இன்ச்சுக்கு 10 முதல் 12 தையல். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைத் திரும்பப் பின்னால் குத்தி எடுத்தால் பிரியாது. வளைவு எப்படி விழுகிறது என்பது தைக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். தவறினால் அங்கேயே நகர்த்தலாம். இலையாஸ் ஹோவ் தையல் மெஷினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதே 1846இல்தான். வெளியே தெரியும் தையல்கள் கைத்தையலாக இருந்தால் உடையும் காலத்துக்குப் பொருந்தும்.

பஃப் கை துவண்டு விழுகிறது, அல்லது 1980களின் கல்யாண ரவிக்கை மாதிரி நிற்கிறது

துவண்டால் லைனிங்கைப் பாருங்கள். வெளிக்கைக்கும் லைனிங்குக்கும் ஒரே நீளம் வைத்திருப்பீர்கள். பஃப் நிற்பது சுருக்கத்தால் மட்டும் அல்ல. லைனிங் குட்டையாக இருந்து வெளித்துணியை மேலே பிடித்துக்கொள்வதாலும்தான். வெளிக்கை நீளத்தை விட லைனிங் இரண்டு இன்ச் குறைவாகவும், கையோடு ஒட்டியும் இருக்க வேண்டும். அளவு வேண்டுமென்றால்: ஆர்ம்ஹோல் 16 இன்ச், வெளிக்கை அகலம் 22 முதல் 24, லைனிங் அகலம் 14, கைப்பட்டி கைச்சுற்றளவோடு அரை இன்ச் கூட்டி. இதன் பிறகும் துவண்டால், மூன்று இன்ச் அகல ஆர்கண்டித் துண்டு ஒன்றைச் சுருக்கி கையின் உச்சிக்கு உள்ளே வைத்துத் தைக்கலாம். காலத்துக்குச் சேராத உபாயம்தான், ஆனால் வெளியே தெரியாது.

நம் ஊர் பஃப் மாதிரி நின்றால் சுருக்கம் இருக்கும் இடம் தவறு. ரவிக்கையில் சுருக்கம் தோள் உச்சியில் குவிந்து மேல்நோக்கி நிற்கும். இங்கே முன்பக்கம் கீழ் நாலு இன்ச்சில் சுருக்கமே கூடாது. உச்சியில் சிறிது, மிச்சம் எல்லாம் பின்பக்கம். பிரித்துச் சுருக்கத்தைப் பின்னால் தள்ளி வைத்தாலே கை கவிழ்ந்த கிண்ணம் போல உட்காரும்.

நைட்டி மாதிரி இருக்கிறது, வயிறு பெரிதாகத் தெரிகிறது

சுற்றிலும் சமமாகச் சுருக்கம் வைத்திருக்கிறீர்கள். இந்த உடையின் முன்பக்கம் தட்டையாக விழ வேண்டும். ஸ்கர்ட்டின் விரிவு எல்லாம் நடு முதுகில் ஒரு கையகலத்தில் குவிய வேண்டும்.

மார்புக்கடிச் சுற்று 32 என்று வைத்துக்கொள்வோம். முன் துண்டு மேலே 17 இன்ச், கீழே 27. பக்கத்துக்கு ஒரு சாய்ந்த துண்டு. ஒவ்வொன்றும் மேலே 4½, கீழே 12. இவை மூன்றையும் சுருக்கமே இல்லாமல் வைத்தால் 26 இன்ச் போயிற்று. மிச்சம் 6 இன்ச். அதில் 44 இன்ச் அகல முழுத்துணியையும் சுருக்கி வையுங்கள். கீழ்ச் சுற்று 95 இன்ச் வரும், தாராளமாக நடக்கலாம். தைத்து முடித்த கவுனில் இதைச் செய்ய ஸ்கர்ட்டைப் பிரித்தே ஆக வேண்டும். குறுக்கு வழி இல்லை.

44ஐ 6இல் அடக்க மெஷினின் தளர் தையல் உதவாது. நூல் அறும், அல்லது சுருக்கம் மேடும் பள்ளமுமாகக் கட்டிக்கொள்ளும். கைத்தையல்தான். மேல் ஓரத்தை முக்கால் இன்ச் மடியுங்கள். பாபின் நூலை நம்பாமல் கெட்டி நூலை இரட்டையாகக் கோத்து, தையல் அளவைக் கண்மதிப்பில் விடாமல், ஸ்கேல் வைத்து ⅜ இன்ச்சுக்கு ஒரு புள்ளி குறித்து ஓட்டுங்கள். கால் இன்ச் இடைவெளியில் மூன்று வரிசை. மூன்றிலும் ஊசி ஒரே நேர்க்கோட்டில் ஏறி இறங்க வேண்டும். மூன்று நூலையும் சேர்த்து இழுத்தால் ஏறக்குறைய 58 சின்னக் கொசுவங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் முகட்டையும் இடுப்புப்பட்டியோடு தனித்தனியாகக் கையால் பிடித்துத் தையுங்கள். ஒரு முழு மாலை ஆகும். கவுனின் பாதி அழகு அந்த ஆறு இன்ச்சில்தான் இருக்கிறது.

முன் ஓரம் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது

வயிறும் மார்பும் துணியை முன்னே தள்ளுவதால் முன்பக்கம் ஒன்று, ஒன்றரை இன்ச் எழும்பும். கீழ் ஓரத்தை வளைத்து வெட்டிச் சரிசெய்யத் தோன்றும். செய்யாதீர்கள். ஓரத்தில் டக் (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்தாலும் எம்பிராய்டரி செய்தாலும் அது நேர் இழையில்தான் நன்றாக விழும். ஏற்ற இறக்கத்தை மேலே, இடுப்புப்பட்டியில் சரிசெய்யுங்கள். அதற்காகவே முன் துண்டின் மேல் ஓரத்தில் ஒன்றரை இன்ச் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். செருப்போடு நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து இன்னொருவர் அளந்து சொன்னால்தான் இது சரியாக வரும். குனிந்து பார்த்தாலே ஓரம் மாறிவிடும்.

காலில் ஒட்டுகிறது, உள்ளே எல்லாம் தெரிகிறது

உள்பாவாடை வேண்டும். சேலைக்குக் கட்டும் பாவாடை இங்கே உதவாது. உண்மையான இடுப்பில் அது கட்டப்படுவதால் நாடாவும் சுருக்கமும் கவுனுக்குள்ளிருந்து மேடாகத் தெரியும். சின்னப் பெண்களுக்குத் தைப்பது போலப் பாடி வைத்த பாவாடையாக, மார்புக்கடியிலேயே தொடங்கும்படி தைத்துக்கொள்ளுங்கள். சற்று விறைப்பான காட்டன், மூன்று மீட்டர். பாலியஸ்டர் லைனிங் துணியைத் தொடாதீர்கள். மல் அதில்தான் இன்னும் ஒட்டும்.

பாவாடையின் ஓரத்திலும் கவுனின் ஓரத்திலும் எடை இருந்தால் துணி காலுக்கு நடுவே போகாது. ஆழமான ஓரமடிப்பு, மூன்று நாலு இன்ச், ஒரு வழி. மூன்று டக் இன்னொரு வழி. அரை இன்ச் ஆழமுள்ள ஒரு டக் ஒரு இன்ச் நீளத்தை விழுங்கும். மூன்று டக்குக்கு மூன்று இன்ச் கூட்டி வெட்டுங்கள். பாவாடையின் டக்குக்குள் மெல்லிய பருத்திக் கயிறு வைத்துத் தைத்தால் ஓரம் விரிந்தே நிற்கும்.

மெஷின் துணியை விழுங்குகிறது, நீளத் தையல் எல்லாம் சுருங்குகிறது

ஊசியை மாற்றுங்கள். வீட்டு மெஷினில் வழக்கமாக மாட்டியிருக்கும் 16 நம்பர் ஊசி மல் துணியைக் குத்தாது, கிழிக்கும். 9 அல்லது 11 நம்பர், புதியது. தையல் நீளம் 2 முதல் 2½ மில்லிமீட்டர். மேல் நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்துங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். துணிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுத்தால் விழுங்காது.

ஸ்கர்ட்டின் நீளத் தையல் மட்டும் சுருங்கினால் குற்றம் மெஷினில் இல்லை. துணியின் கரையைச் சேர்த்துத் தைத்திருப்பீர்கள். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் துணியை விட அதிகமாகச் சுருங்கும். மூன்று இன்ச்சுக்கு ஒரு நறுக்கு கொடுங்கள், அல்லது கரையை வெட்டி எடுத்துவிட்டுத் தையுங்கள்.

பின் திறப்பு வாய் பிளக்கிறது

ஜிப் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் இல்லை என்பது ஒருபுறம். குவித்த சுருக்கத்துக்கு நடுவே ஜிப் வளையாமல் குச்சி மாதிரி நிற்கும். கழுத்தில் ஒரு நாடா, மார்புக்கடியில் ஒரு நாடா, நடுவில் ஒரு கொக்கி, இவ்வளவுதான் தேவை. இடைவெளி தெரிந்தால் ஒரு பக்கம் இரண்டு இன்ச் அகலப் பட்டியை உள்ளே வைத்துத் தையுங்கள். ஸ்கர்ட்டின் திறப்பு 8 முதல் 9 இன்ச் ஆழம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் மாட்டும்போது திறப்பின் அடி கிழியும். அந்த அடிமுனையில் நூலை நாலைந்து முறை குறுக்கே ஓட்டி, அதன்மேல் பட்டன்துளைத் தையல் போட்டு இறுக்குங்கள்.

முதல் சலவையில் துவண்டு, குட்டையாகிவிட்டது

கடையிலிருந்து வரும் மல் துணியில் கஞ்சி இருக்கும். முதல் தண்ணீரில் அது போய்விடும், துணியும் சுருங்கும். மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் எதிர்பார்க்கலாம். வெட்டும் முன்பே துணி முழுவதையும் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காய வைத்திருக்க வேண்டும். அப்படி அலசிய மல், வெட்டும்போது வழுக்கி இழை கோணிக்கொள்ளும். அதற்கு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, துணியை ஒருமுறை முக்கி நிழலில் காய வைத்து, ஈரம் முழுவதும் போகும் முன்பே அயர்ன் செய்யுங்கள். காகிதம் மாதிரி நிற்கும். வெட்டவும் டக் பிடிக்கவும் கொசுவம் குறிக்கவும் சுலபம். தைத்து முடித்தபின் அலசினால் கஞ்சி போய்விடும்.

ஏற்கெனவே தைத்துக் குட்டையாகிவிட்ட கவுனுக்கு, ஓரத்தில் டக் பிடித்திருந்தால் தப்பித்தீர்கள். வளரும் பெண்ணின் பட்டுப்பாவாடையில் டக் பிரித்து நீளம் விடுவது போலத்தான். மேல் டக்கை மட்டும் பிரியுங்கள், ஒரு இன்ச் கிடைக்கும். பழைய தையல் துளைகள் தெரிந்தால், ஈரத்துணியால் ஒற்றி, நகத்தால் இழைகளைக் குறுக்காக நீவிவிட்டு அயர்ன் செய்யுங்கள். இரண்டாவது சலவையில் மறைந்துவிடும்.